பீடி இலையில இருந்து பாரகிராஃப் வரைக்கும்: பி.ஏ இங்கிலீஷ் பிள்ளைங்களுக்கு எக்ஸ்போசிட்டரி ரைட்டிங் சொல்லிக்குடுக்கது எப்படி

திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் வாத்தியாரா இருக்கேன். ஒரு கிளாஸ்ல 64 பேரு, பாதிக்கு மேல தமிழ் மீடியம், முக்கூடல் ஆலங்குளம் களக்காடு நாங்குநேரின்னு காலைல ஏழு மணி பஸ்ஸப் புடிச்சி நின்னுக்கிட்டே வர்ற பிள்ளைங்க. செகண்ட் இயர்ல எக்ஸ்போசிட்டரி ரைட்டிங், அதாவது வெளக்கி எழுதுறதுன்னு ஒரு யூனிட் வரும். அத எப்படி நடத்துதேன்னு பக்கத்து காலேஜ்ல புதுசா சேந்த ஒரு மேடம் கேட்டாங்க, போன்ல சொல்லி முடியல, அதான் எழுதியே போட்டுட்டேன்.

மொதல்ல நான் கெடுத்த கதைய சொல்லிருதேன். மொத வருசம் போர்டுல டெஃபினிஷன் எழுதிப் போட்டேன், அஞ்சு வகைய டிக்டேட் பண்ணேன், குளோபல் வார்மிங் பத்தி ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். வந்த பேப்பர்ல முக்காவாசி 'நவ் அ டேஸ்'னு ஆரம்பிக்கி, மிச்சம் 'இன் திஸ் மாடர்ன் வேர்ல்ட்'னு ஆரம்பிக்கி, நடுவுல எல்லாம் ஒரே கைடுல இருந்து எடுத்த அதே நாலு வரி, கடைசில 'தஸ் ஐ கன்க்ளூட்'. நல்லா ஏசி விட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சாத்தான் தெரியுது, தப்பு எம்பேர்ல. குளோபல் வார்மிங் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும், சொல்லப்போனா எனக்கே என்ன தெரியும், தெரியாத ஒண்ண எப்படில வெளக்க முடியும்?

எக்ஸ்போசிட்டரின்னா பெருசா ஒண்ணுமில்ல. ஒனக்குத் தெரிஞ்ச ஒண்ண தெரியாத ஒருத்தருக்கு வெளங்க வைக்கது. கதை சொல்லி மனச உருக்குறதோ வாதாடி ஜெயிக்கறதோ வேற வேலை. அப்ப தெரிஞ்ச விஷயம் ஒண்ணு வேணும், தெரியாத ஆளு ஒருத்தரு எதுக்க இருக்கணும். நம்ம சிலபஸ்ல இந்த ரெண்டும் கிடையாது, அதனால இத நாமதான் கிளாஸுக்குள்ள கொண்டாரணும். நான் எட்டு வாரமா பிரிச்சி வச்சிருக்கேன், வாரத்துக்கு ரெண்டு பீரியட்.

மொத வாரம்: பேனாவ மூடச் சொல்லுங்க

ஆளுக்கு ஒரு துண்டுப் பேப்பர குடுத்து, உங்க கை தெரிஞ்சு வச்சிருக்க வேலை அஞ்ச எழுதுங்கன்னு சொல்லுவேன். மண்டைக்குத் தெரிஞ்சது வேண்டாம், கைக்குத் தெரிஞ்சது. மொதல்ல எல்லாவனும் அல்வான்னு எழுதுவான், எழுதட்டும், அடுத்து "அல்வா கிண்டிருக்கியாடே?"ன்னு கேட்டா கிளாஸே சிரிக்கும், ஏன்னா ஒருத்தன்கூட கிண்டுனதில்ல, தின்னதுதான். சம்பா கோதுமைய ஊறப்போட்டு அரச்சி பாலெடுத்து வச்சி மேல தெளிஞ்ச தண்ணிய வடிக்கணும்னே பாதிப் பேருக்குத் தெரியாது. அல்வாவ வெட்டுனதுக்கு அப்பறம்தான் நெசமான லிஸ்ட் வரும்: பைக் செயின் மாட்டுறது, பதநீர் காச்சுறது, ஆட்டுக்கு நோய் கண்டா என்ன பண்றதுன்னு, சப்பரத்துக்கு பூ கட்டுறது, பீடி சுத்துறது.

இப்ப ரெண்டு ரெண்டு பேரா உக்கார வைங்க. ஒருத்தர் சொல்லணும், இன்னொருத்தருக்கு அந்த வேலை தெரிஞ்சிருக்கக் கூடாது, இது முக்கியம். கேக்குற ஆளுக்கு ரெண்டே ரெண்டு கேள்விதான் பெர்மிஷன்: 'ஏன்?', 'எவ்வளவு?'. பேச்சு முழுக்கத் தமிழ்லதான். இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழான்னு யாராவது வராண்டால நின்னு பாத்துட்டுப் போவாங்க, போகட்டும், விடுங்க.

ஒரு பிள்ளை, அது வீட்டுல அம்மாவும் ஆச்சியும் பீடி சுத்துறவங்க, அதுவும் லீவு நாள்ல சுத்தும். மொதல்ல சொல்லவே கூச்சப்பட்டுச்சி. பக்கத்துல இருந்தது டவுன்ல ஜவுளிக்கடை வச்சிருக்க வீட்டுப் பிள்ளை, அதுக்கு இதப்பத்தி எதுவுமே தெரியாது.

"இலைய தண்ணில போடணும்."

"ஏன்?"

"காஞ்ச இலைய சுருட்டுனா கீறிரும்லா."

"எவ்வளவு நேரம்?"

"ராத்திரி போட்டா காலைல எடுக்கணும். எடுத்து ஈரத்துணில சுத்தி வைக்கணும், இல்லன்னா வெட்டுறதுக்குள்ள திரும்ப காஞ்சிரும்."

"வெட்டுறது எந்த அளவுக்கு?"

"அதுக்கு தகடு ஒண்ணு இருக்கும், அத மேல வச்சி கத்தரில வெட்டணும். அளவு தப்புனா கடைல கழிச்சிருவாங்க, கழிச்சா நமக்குத்தான் நட்டம்."

பாத்தியளா, இதுல காரணம், அளவு, வரிசை, விளைவு எல்லாமே தானா வந்துட்டு. இந்தப் பிள்ளைக்கு எக்ஸ்போசிஷன் ஏற்கனவே தெரியும், நான் டிக்டேட் பண்ணி மறக்கடிக்கத்தான் பாத்திருக்கேன்.

ரெண்டாவது வாரம்: நிறுத்தாம பத்து நிமிசம்

பீட்டர் எல்போன்னு ஒரு அமெரிக்க வாத்தியார் 1973ல இருந்தே இத ஃப்ரீ ரைட்டிங்னு சொல்லிட்டு வந்தாரு. பேனாவ எடுக்காம, அடிக்காம திருத்தாம பத்து நிமிசம் எழுதிக்கிட்டே போறது, ஸ்பெல்லிங் பாக்கக்கூடாது. நான் அதுல ஒரு விதி சேத்திருக்கேன்: இங்கிலீஷ் வார்த்தை வரலன்னா அந்த எடத்துல தமிழ்லயே எழுதிட்டுப் போயிரு, நிக்காத. மொத தடவை பசங்க பதறுவாங்க, "சார் மார்க் உண்டா"ன்னு கேப்பாங்க, இல்லன்னு சொன்னதும் கை ஓடும். முடிச்ச பெறகு தமிழ்ல விட்டுப்போன வார்த்தைய எல்லாம் அடிக்கோடு போடச் சொல்லுங்க. அவனவனுக்கு இப்ப என்ன வொக்காபுலரி வேணும்னு அந்த கோடே காட்டிரும், 'தகடு'ங்கிற எடத்துக்கு அந்தப் பிள்ளை டிக்ஷனரில தேடி 'மெட்டல் டெம்ப்ளேட்'னு கண்டுபுடிச்சது, அத செத்தாலும் மறக்காது.

மூணும் நாலும்: ஒரே ஒரு பத்தி

இங்கதான் நிதானமா நிக்கணும். அவசரப்பட்டு முழு எஸ்ஸேக்குப் போயிராதீங்க. ஒரு நல்ல பத்தி எழுதத் தெரியாதவன் அஞ்சு பத்தி எழுதுனா அஞ்சு மடங்கு கெட்ட எஸ்ஸேதான் வரும்.

பத்தியோட தலை டாபிக் சென்டென்ஸ், அதாவது இந்தப் பத்தி எதப்பத்தின்னு சொல்ற வரி. இத பசங்களுக்கு சொல்லிப் புரிய வைக்க நான் பஸ் போர்டத்தான் சொல்லுதேன். பஸ் நெத்தில 'பாபநாசம்'னு போட்டிருந்தா உள்ள ஏறினவன் எல்லாம் அந்த வழில எறங்குறவனாத்தான் இருக்கணும், தூத்துக்குடிக்குப் போறவன் அதுல ஏறிருந்தா அவன எறக்கி விடணும். பத்திக்குள்ள ஒவ்வொரு வரியா கை வச்சி "நீ எங்க போற?"ன்னு கேக்கச் சொல்லுங்க. சேராத வரிய அடிக்கணும், அது எவ்வளவு அழகான வரியா இருந்தாலும் சரி. டாபிக் சென்டென்ஸ் எப்பவும் மொத வரியாத்தான் வரணும்னு சட்டம் ஒண்ணுமில்ல, ஆனா பழகுறவன் மொத வரிலயே வைக்கட்டும், பெறகு எடத்த மாத்திக்கிடலாம்.

அந்தப் பிள்ளை மொதல்ல எழுதுனது இப்படி: 'ஃபர்ஸ்ட் வி டேக் த லீஃப். தென் வி புட் இன் வாட்டர். தென் வி கட். தென் வி ரோல்.' இதுல கிராமர் தப்பு கம்மி, ஆனா போன வாரம் வாயால சொன்ன 'ஏன்' எல்லாம் எங்க போச்சு? அதத்தான் கேட்டேன். "நீ போன வாரம் இவகிட்ட சொன்னதுல பாதிகூட இதுல இல்லையேம்மா." அதுக்கு அது, "இங்கிலீஷ்ல அம்புட்டுத்தான் சார் வருது"ன்னுச்சி. சரி, ஒரே ஒரு வரிய மட்டும் எடுத்துக்கிடுவோம்னு போர்டுல போட்டோம். 'பிகாஸ்' சேத்தோம், 'ஓவர்நைட்' சேத்தோம். யாரு ஊறப்போடுறாங்கறது முக்கியமில்ல, இலைதான் முக்கியம், அப்ப இலைய முன்னாடி கொண்டுவரணும், அதுக்குத்தான் பாசிவ் வாய்ஸ்னு சொன்னேன். கடைசில வந்தது: 'த லீவ்ஸ் ஆர் சோக்ட் ஓவர்நைட் பிகாஸ் எ ட்ரை லீஃப் ஸ்ப்ளிட்ஸ் வென் இட் இஸ் ரோல்ட்.' ஒம்பதாங் கிளாஸ்ல இருந்து ராமன் ராவணனக் கொன்னான், ராவணன் ராமனால கொல்லப்பட்டான்னு பாசிவ் வாய்ஸ் படிச்சிட்டு வாராங்க, அது எதுக்குன்னு அன்னைக்குத்தான் ஒருத்தி "ஓ"ன்னா. கிராமர தனி பீரியடா நடத்தாதீங்க, தேவைப்படுற எடத்துல எடுத்துக் குடுங்க. ப்ராசஸ், அதாவது செய்முறை எழுதும்போது பாசிவும் சிம்பிள் ப்ரெசென்ட்டும், காரணம் எழுதும்போது 'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஸ் எ ரிசல்ட்', ஒப்பிடும்போது 'வைல்', 'வேராஸ்'. இதுவே ஒரு செமஸ்டருக்குக் காணும்.

பத்தி தேறிட்டான்னு எப்படித் தெரியும்? செஞ்சு பாத்தாத்தான் தெரியும். பீடிப் பத்திய வேற ஒரு பையன் கையில குடுத்து, இலைக்குப் பதிலா ஜெராக்ஸ் பேப்பர், தூளுக்குப் பதிலா சாக்பீஸ் பொடி, ஒரு முழம் நூல், வாசிச்சிக்கிட்டே செய்யிடேன்னு விட்டோம். நாலாவது வரில நின்னுட்டான். எந்தப் பக்கத்துல இருந்து சுருட்டன்னு எழுதவேயில்ல! எழுதுன பிள்ளை பொறுக்க மாட்டாம எந்திரிச்சிப் போயி காட்டப் பாத்தது. உக்காருன்னுட்டேன். வாசிக்கிறவன் வீட்டுக்கு நீ கூடவே போயி நிக்க முடியுமா, எழுத்துதான போகும்? அது திரும்ப எழுதிட்டு வந்ததுல ரெண்டு வரி கூடியிருந்தது, ரெண்டுமே நல்ல வரி.

அஞ்சாவது வாரம்: நன்னூல எறக்குங்க

இது எனக்கு ரொம்பப் புடிச்ச வாரம். பியர் ரிவ்யூன்னு சொல்லி நோட்ட மாத்திக் குடுத்தா பசங்க 'குட்', 'வெரி நைஸ்', 'ஹேண்ட்ரைட்டிங் சூப்பர்'னு எழுதிக் குடுத்துருவாங்க, ஃப்ரெண்டு மனசு நோகக் கூடாதுல்லா. இங்கிலீஷ் புக்ல இருக்க ரூப்ரிக்க, அதான் எத எத பாத்து மார்க் போடணும்ங்கிற பட்டியல, ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தேன், கொஹிரன்ஸ் கொஹீஷன்னு பாத்ததும் முழிச்சாங்க. அப்பறம்தான் தமிழ் டிபார்ட்மெண்ட் சார் ஒருத்தர் டீ குடிக்கும்போது "இது நன்னூல் பாயிரத்துலயே இருக்கே"ன்னாரு. நன்னூல்ங்கிற தமிழ் இலக்கண நூல எழுதுன பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுலயே நூலுக்கு வரக்கூடாத குற்றம் பத்து, இருக்கவேண்டிய அழகு பத்துன்னு வரிசையா சொல்லிட்டாரு. அந்த சாரையே அரை பீரியட் கூட்டியாந்து பேச வச்சேன்.

பத்துக் குற்றத்த போர்டுல எழுதிப்போட்டு, ஒவ்வொண்ணுக்கும் நம்ம பிள்ளைங்க எஸ்ஸேல இருந்தே உதாரணம் புடிக்கணும். எத்தனை மணி நேரம் ஊறணும்னு சொல்லாம விட்டா குன்றக் கூறல். 'இன் மை ஒபினியன் ஐ பெர்சனலி திங்க்' அப்படின்னா மிகைபடக் கூறல், கூறியது கூறல் ரெண்டும் சேந்து வருது. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னா மாறுகொளக் கூறல். 'இட்'னு போட்டு எதச் சொல்லுதான்னே தெரியலன்னா மயங்க வைத்தல், இது நம்ம பசங்க கிட்ட ரொம்ப ஜாஸ்தி. கிராமரும் தப்பான வார்த்தையும் வழூஉச்சொற் புணர்த்தல். 'ஹல்வா இஸ் வெரி ஃபேமஸ் அண்ட் வெரி டேஸ்டி அண்ட் எவ்ரிபடி லைக்ஸ் இட்' வெற்றெனத் தொடுத்தல். பதநீர் காச்ச ஆரம்பிச்சி திருச்செந்தூர் கோயிலுக்குப் போயிட்டா மற்றொன்று விரித்தல். ஆரம்பம் சிங்கம் மாதிரி வந்து கடைசில 'தஸ் ஐ கன்க்ளூட்'ல படுத்தா சென்று தேய்ந்து இறுதல். மிச்சம் நின்று பயன் இன்மை, பேப்பர்ல இருக்கு ஆனா எதுக்குன்னு தெரியாது.

பத்துல வழூஉச்சொல் ஒண்ணே ஒண்ணுதான் பாத்துக்கிடுங்க. நாம செவப்பு மை எல்லாத்தையும் அந்த ஒண்ணுக்கே செலவழிக்கோம், மிச்ச ஒம்பதையும் கண்டுக்கிடறதேயில்ல.

இப்ப நோட்ட மாத்துனா பாருங்க, "ஏல ஒனக்கு மற்றொன்று விரித்தல் மூணு எடத்துல இருக்கு"ன்னு அவனுக்கு அவன் சிரிச்சிக்கிட்டே போடுதான், வாங்குறவனுக்கும் நோகல, என்ன தப்புன்னும் தெரியுது. ஒரு நோட்டுக்கு ரெண்டு குற்றம் ஒரு அழகு கட்டாயம்னு விதி வைங்க. அழகுல 'விளங்கு உதாரணத்ததாதல்' (வெளங்குற மாதிரி உதாரணம் குடுக்கது), 'முறையின் வைப்பு' (வரிசையா அடுக்குறது) இந்த ரெண்டும்தான் அடிக்கடி வரும்.

இடையில ஒரு பேச்சு. 1966ல ராபர்ட் காப்லான்னு ஒரு மொழியியல்காரர் ஒவ்வொரு மொழிக்காரனும் பத்தி எழுதுற விதத்த கோடா வரஞ்சி காட்டுனாரு, இங்கிலீஷ்காரனுக்கு நேர்கோடு, கிழக்கத்திக்காரனுக்கு சுருள். எம்.ஏ படிக்கும்போது அத பெருசா நம்பி, நம்ம ஆளுக சுத்தித்தான் பேசுவாங்கன்னு நானே கிளாஸ்ல சொல்லிருக்கேன். ஆனா நன்னூல் 'முறையின் வைப்பு'ன்னு அப்பவே சொல்லிட்டுப் போயிருக்கு, பீடி சுத்துற பிள்ளையும் நேராத்தான் பேசுது. சுத்த வைக்கது கைடுதான்.

ஆறாவது வாரம்: மத்த வகைங்க

ப்ராசஸ் வந்துட்டா மத்ததெல்லாம் சீக்கிரம் வந்துரும், வகைக்கு அரை பீரியடுக்கு மேல வேண்டாம்.

டெஃபினிஷனுக்கு நான் எங்க ஊரு சொதிக் குழம்ப எடுக்கேன். 'சொதி இஸ் எ டேஸ்டி டிஷ்'னு எழுதுவாங்க. டெல்லிக்காரன் இத வாசிச்சா அவன் குர்மான்னு நெனச்சிக்கிடுவான், எது தடுக்கும்? மொதல்ல எந்த இனம், அடுத்து அந்த இனத்துல மத்ததுல இருந்து எது பிரிக்கும். தேங்காப்பால்ல காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்க குழம்பு, மசாலாப் பொடி போடறது இல்ல, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துல இஞ்சிப் பச்சடியோட வரும். ஒவ்வொரு சொல்லா எடுத்துட்டு, இப்ப வேற எந்தக் குழம்பு இதுக்குள்ள நுழையுதுன்னு கேளுங்க. நுழைய முடியாமப் போறவரைக்கும் சேக்கணும். கிளாஸே பசில கத்தும், மதியம் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட்ல மட்டும் இத வைக்காதீங்க.

ஒப்பிடுறதுக்கு திருநெல்வேலி டவுனும் பாளையங்கோட்டையும். நடுவுல தாமிரபரணி, 1843ல கட்டுன சுலோசன முதலியார் பாலம். டவுன் நெல்லையப்பர் கோயிலச் சுத்தி, தேரோடுற ரத வீதியா வளந்தது, பாளையங்கோட்டை கோட்டையும் மிஷனரி பள்ளிக்கூடமும்னு வளந்தது. ஒரு பக்கம் முழுக்க டவுன், மறுபக்கம் முழுக்க பாளைன்னு எழுதுனா அது ஒப்பீடே இல்ல, ரெண்டு தனிக் கட்டுரை. எதச் சுத்தி வளந்தது, தெரு எப்படி, வெளியூர்க்காரன் எதுக்கு வாரான்னு புள்ளி புள்ளியா ரெண்டையும் சேத்து வச்சி எழுதணும்.

காரண காரியத்துக்கு நம்ம ஆறே போதும். பொதிகை மலைக்கு தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் கெடைக்கி, அதனால ஆத்துல தண்ணி நிக்கி, அதனால கார், பிசானம்னு ரெண்டு போகம் நெல்லு. சங்கிலில எந்தக் கண்ணிய எடுத்தா அறுந்துபோகும்னு கேளுங்க.

வகைப்படுத்துறதுல ஒரே ஒரு தப்புதான் வரும், அளவுகோல மாத்திருவாங்க. பனையில இருந்து வர்றத பிரிடேன்னா ஒருத்தன் 'பதநீர், கருப்பட்டி, உடன்குடி கருப்பட்டி'ன்னு எழுதிருந்தான். ஊரும் பொருளும் ஒரே வரிசைல. குடிக்கது, திங்கது, வீட்டுச் சாமான்னு பிரிச்சி நுங்கு, கிழங்கு, ஓலைப்பெட்டிய அதுக்குள்ள அடுக்கச் சொன்னா சரியாயிரும்.

ஏழாவது வாரம்: முழுக் கட்டுரை

இப்பத்தான் அஞ்சாறு பத்தி. முகப்புப் பத்திய கடைசியா எழுதச் சொல்லுங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியறதுக்கு முன்னாடி வாசலுக்கு எப்படி போர்டு எழுதுறது? தீசிஸ் ஸ்டேட்மெண்ட் ஒரே வரி, வாசிக்கிறவன் கட்டுரை முடிஞ்சதும் என்னத்த தெரிஞ்சிக்கிட்டுப் போவான்னு. 'பீடி ரோலிங் இஸ் எ ஹார்ட் ஒர்க்'னு ஆரம்பிச்ச பிள்ளை, கடைசில 'பீடி சுத்துறது பாக்க சுலபம், ஆனா ஒவ்வொரு படிலயும் தப்புனா அந்த நட்டம் சுத்துறவ தலைலதான் விழும்'ங்கிற அர்த்தத்துல ஒரு வரிக்கு வந்துச்சி. ஊறுன பெறகு கீறுன இலை, அளவு தப்புன இலை, கழிச்ச பீடி, எல்லாப் பத்தியும் அந்த ஒரு வரிக்குக் கீழ ஒழுங்கா வந்து உக்காந்துட்டு. சாயங்காலம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே அத ரெண்டு தடவை வாசிச்சேன்.

எட்டாவது வாரம்: திருத்தமும் மார்க்கும்

64 நோட்டு, ஒண்ணுக்கு பத்து நிமிசம்னு வச்சாலும் 640 நிமிசம், பத்து மணி நேரத்துக்கு மேல. வீட்டுல குடும்பம் இருக்கு. அதனால எல்லா நோட்டையும் முழுசா திருத்துறத நான் விட்டுட்டேன். வாரத்துக்கு எட்டு நோட்ட மட்டும் ஆழமா, எழுதுன ஆள பக்கத்துல உக்கார வச்சி பேசுறது, எட்டு வாரத்துல எல்லாருக்கும் ஒரு மொறை வந்துரும். மிச்ச நோட்டுல ரெண்டே விஷயம் பாப்பேன்: மையக் கருத்து தெரியுதா, வரிசை இருக்கா. கிராமர் தப்ப எல்லாம் செவப்புல சுத்துனா பிரயோஜனமில்லன்னு ஜான் ட்ரஸ்காட் 1996ல எழுதி பெரிய சண்டையே நடந்துச்சி, அவரு அளவுக்கு நான் போகல, ஆனா ஒரு பேப்பர்ல ஒரே வகைத் தப்ப மட்டும் எடுத்து, அத அவனையே திருத்திட்டு வரச் சொல்லுதேன்.

மார்க் பத்துக்கு இப்படி போடுதேன்: கருத்து தெளிவுக்கு 3, வரிசைக்கு 3, உதாரணமும் விவரமும் 2, மொழிக்கு 2. செமஸ்டர் பரிச்சை திருத்துறவங்க இப்படி போட மாட்டாங்கன்னு ஒரு மேடம் சொன்னாங்க. உண்மைதான், ஆனா வரிசையா வெவரமா எழுதுனவனுக்கு யாரு திருத்துனாலும் மார்க் கொறைய நான் பாத்ததில்ல.

சாட்ஜிபிடி பத்தி கேப்பீங்க. மொத அஞ்சு வாரம் எல்லாமே கிளாஸ்லயே கையெழுத்துதான், போன் பைக்குள்ள. வீட்டுல இருந்து வர்ற ஃபைனல் டிராஃப்ட்டுக்கு ஃப்ரீ ரைட்டிங் பேப்பர், மொத டிராஃப்ட், நன்னூல் கமெண்ட் எழுதுன நோட்டு மூணையும் சேத்து பின் பண்ணித்தான் குடுக்கணும். ஒருத்தன் அப்படியும் போன்ல அடிச்சி எடுத்துட்டு வந்தான், ஆடு வளர்ப்பு பத்தி, இங்கிலீஷ் கண்ணாடி மாதிரி இருந்துச்சி. "ஒங்க ஆட்டுக்கு என்னடே பேரு"ன்னு கேட்டேன். "கருப்பி சார்". "இதுல கருப்பி எங்க?" தலைய சொறிஞ்சான். ஏசல, திரும்ப எழுதிட்டு வான்னேன், வயிறு ஊதுன கருப்பிக்கு அவங்க தாத்தா என்ன பண்ணாருன்னு ஒரு பத்தி எழுதிட்டு வந்தான், தப்பும் தவறுமா, ஆனா வாசிச்ச எல்லாருக்கும் வெளங்குச்சி.

கடைசியா ஒண்ணு, நல்லா வந்த கட்டுரைல அஞ்ச ஜெராக்ஸ் எடுத்து அடுத்த பேட்சுக்கு மாதிரியா வைங்க, இங்கிலீஷ் புக்ல வர்ற சாம்பிள் எஸ்ஸேய விட அதத்தான் பிள்ளைங்க உக்காந்து வாசிக்காங்க. ஆனா பேர மறைச்சிருங்க, எழுதுனவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. பீடிக் கட்டுரைய கேட்டப்போ அந்தப் பிள்ளை செத்த யோசிச்சிட்டு, "வச்சிக்கோங்க சார், ஆனா மூணாவது பத்திய நான் இன்னொரு தடவை மாத்தணும், நூல் கட்டுறது சரியா வரல"ன்னு நோட்ட திரும்ப வாங்கிட்டுப் போயிருச்சி.